ஒரே கணினியில் மூன்று குடித்தனம்

என் மனைவிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வாசலில் வந்து நின்றாலும் ‘வாங்கோ, இருங்கோ’ என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகுதான், இருப்பதற்கு நாற்காலி இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு நாற்காலிகள். ஒன்று கணினிக்கு முன்னால். மற்றதில் எப்போதும் காயாத துணி குவிந்திருக்கும். அவளுடைய அந்தப் பழக்கமும் லினக்ஸ் மீது எனக்கிருந்த பைத்தியமும் சேர்ந்து எங்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வீட்டுக்கே இணையம் வரும் என்று ஹட்டன் பஸ் நிலையத்தில் பெரிய பலகை வைத்திருந்த வருடங்கள். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான் கணினிக்காரன். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, வேலை கிடைத்ததும் உத்தியோகத்தர் குவாட்டர்ஸுக்குக் குடிவந்தவன். லயத்துக்கும் குவாட்டர்ஸுக்கும் இடையில் ஒரு வேலியும், அந்த வேலியளவுக்கு மரியாதையும் உண்டு. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலையை விட்டால் அடுத்த வாரமே சாமானை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. கொட்டகலைக்கு மாற்றலாகி வந்த தபால் அதிபரின் மகள். சின்ன வயதிலேயே மலைக்கு வந்துவிட்டாள் என்றாலும் அவள் பேச்சு மட்டும் வடக்கிலேயே தங்கிவிட்டது. எங்கள் கலியாணத்தில் இரண்டு வீட்டாரும் ஒருவர் பேசியதை மற்றவர் பாதிதான் விளங்கிக்கொண்டார்கள். சண்டையே வராமல் நடந்த கலியாணம் அது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்து வருடம் தொண்டர் ஆசிரியை. ‘நிரந்தரமாக்கிவிடுவோம்’ என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து சொல்லிவிட்டு, மாலையையும் வாங்கிக்கொண்டு போவார். லயத்துச் சனங்களுக்கு அவள் டீச்சரம்மா. அரசாங்கத்துக்கு அவள் யாருமில்லை. கடைசியில் அவளே வெறுத்துப்போய், கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். சீமையில் இணையம் வழியாகச் சாமான் வாங்குகிறவர்கள் எழுதும் முறைப்பாடுகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் வேலை. ‘சப்பாத்து சின்னனாம்’ என்று ஒருவர் எழுதுவார். எங்கள் வீட்டுக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவருடைய காலுக்காக இவள் மனம் வருந்தி எழுதுவாள். நான் சிரித்தால் கோபம் வரும். அந்த மனிதர் கலியாணத்துக்குப் போட வாங்கினாராம்.

வேலை வீட்டிலிருந்தேதான். ஆனால் மூன்று மாதம் சோதனை. அதில் தேறினால் வீட்டிலிருந்தே தொடரலாம். தேறாவிட்டால் கொழும்பு ஆபீசில் வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. அந்த யுத்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகச் சொல்லும் அடையாள அட்டையோடு கொழும்பில் ஒரு பெண் அறை எடுத்துத் தங்குவதென்றால், பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி சோதனை, இரவில் கதவு தட்டல் எல்லாம் அடக்கம். எனக்கோ தோட்டத்தை விட்டு அசைய முடியாது. ஆகவே அந்தச் சோதனை அவளுக்கு மட்டுமில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு தின்பதா இல்லையா என்பதே அதில்தான் இருந்தது.

கம்பனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலை முழுவதும் அவர்களுடைய வீ.பி.என். வழியாக நடக்க வேண்டும். அந்த வழியில் வேறு எதுவும் போகக் கூடாது. வீ.பி.என். பெரிய மந்திரமில்லை. பொது ரோட்டுக்குள்ளேயே உங்கள் ஆபீசுக்கு மட்டும் போகிற மூடிய பாதை ஒன்றைப் போட்டுக்கொள்வது. வெளியே இருப்பவருக்கு உள்ளே போவது தெரியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்குப் புதிதாக வந்த பெரிய தொரையின் குணம். வந்து இறங்கிய உடனே தோட்டத்துச் சாவி எல்லாவற்றையும் தன் கையில் வாங்கிக்கொள்ளும். அந்தப் பாதையைத் திறந்துவிட்டால், கணினியிலிருந்து புறப்படுகிற எல்லாமே, சம்பந்தமில்லாதவையும்கூட, அதற்குள்தான் போய் விழும்.

எங்கள் கணினியோ ஒன்றுதான். அதில் எனக்கும் ஒரு மூடிய பாதை இருந்தது. மழை பிடித்தால் ஸ்டோரில் தொலைபேசி லைன் செத்துப்போகும் என்பதால், தேயிலைக் கணக்கை வீட்டிலிருந்தே எங்கள் தலைமை ஆபீசுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது வேறு கம்பனி, வேறு வீ.பி.என். இவளுடையதைத் திறந்தால் என்னுடையது மூச்சுவிடாது. என்னுடையதைத் திறந்தால் சீமைக்காரர் சப்பாத்துக்குப் பதில் கிடைக்காமல் காத்திருப்பார்.

முதலில் முறை வைத்துக்கொண்டோம். லயத்துப் பீலியில் தண்ணீருக்கு முறை வைத்து வளர்ந்தவன் நான், அதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பீலியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் முறை போகாது. ஆள் எங்கே ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தாலும் குடம் நிற்கும். இவளும் அதையே செய்தாள். பாதையைத் திறந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் பருப்புக் கிண்டப் போய்விடுவாள். கேட்டால், ‘திறந்துதானே கிடக்கு, அது என்ர முறை’ என்பாள். நான் அடைத்துவிடுவேன். அவள் வந்து கத்துவாள். ஒரு வாரத்தில் எங்கள் முறை முறிந்தது.

இந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தார். பக்கத்து லயத்தில் இருப்பவர், கொழுந்து எடுப்பவர். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் எசமானி குடும்பத்தோடு தாய் வீட்டுக்குப் போகும்போது, வீட்டுக் கணினியில் அம்மாவோடு பேச மகளுக்கு அனுமதி உண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு கணினி வேண்டும், அவ்வளவுதான். அக்கா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று தயங்கினார். என் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை. காயாத துணி முழுவதும் என் கட்டிலுக்குப் போனது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து தொலைபேசி. இவளுடைய வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மணி மிகவும் மென்மையாகப் பேசுவார், திட்டும்போதுகூட. உங்கள் வழியாக ஒரு தேயிலைக் கம்பனிக்குக் கணக்குப் போகப் பார்க்கிறது, குவைத்துக்கு ஒரு நீண்ட உரையாடல் போயிருக்கிறது, யாரோ விடாமல் கிரிக்கெட் ஓட்டம் பார்த்திருக்கிறார்கள், உங்கள் கணினிக்குள் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். இவள் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தேயிலைக்கு நான் பொறுப்பு என்றேன், குவைத்துக்கு நீ பொறுப்பு என்றேன். கிரிக்கெட்டைப் பற்றி அவள் கேட்டபோது குசினியில் பால் பொங்குகிற வாசம் வருகிறது என்று சொல்லி எழுந்து போனேன். வீட்டில் பாலே இல்லை.

அது முதல் எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கைக்கு என் புத்திசாலித்தனம் காரணம். முறை வைப்பது சரிவராது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதனதன் பாதையை ஒதுக்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்து, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்துப் படித்து ஒன்று செய்தேன். ஓடியது. ஆனால் ஒரு நாள் மழையில் லைன் விழுந்து எழுந்தபோது, இவளுடைய மூடிய பாதை எழவில்லை. கடிதங்கள் ‘பாதை இல்லையா, பரவாயில்லை’ என்று பொது ரோட்டிலேயே இறங்கிக் கொழும்புக்கு நடந்துவிட்டன. கம்பனி வாசலில் பிடித்துவிட்டார்கள். இந்த முறை அம்மணி மென்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வருகிற வெள்ளி பின்னேரம் ஒரு மணி நேரம் உங்கள் வழியை நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம், வேறு எதுவும் கண்ணில் பட்டால் மாதம் முதலாம் தேதி கொழும்புக்கு வாருங்கள் என்றார்.

வெள்ளி பின்னேரம். வாரத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா அவர்களுக்கு?

இந்த ஒரு வெள்ளி மட்டும் அக்காவை வர வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றேன். நியாயமான யோசனைதான். நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்றாள். போனேன். அக்கா சீனிக்கட்டியோடு பிளேன்டீ கொடுத்தார். நான் வாயைத் திறக்குமுன், மகள் மூன்று வெள்ளியாகப் பேசவில்லை என்றும், இந்த வெள்ளி கட்டாயம் வருவதாக வேறொரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றும், மனசு ஒரு நிலையில் இல்லை என்றும் சொன்னார். நான் பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சொல்லியாச்சா என்று இவள் கேட்டாள். அதெல்லாம் தேவையில்லை, கணினியைச் சரிசெய்துவிடுவேன் என்றேன். சிரித்தாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

சரியாகத்தான் செய்தேன். இன்று நினைத்தாலும் அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. கணினிக்குள் மூன்று ஆட்களை உண்டாக்கினேன்: டீச்சர், ஸ்டோர், அக்கா. திரை ஒன்றுதான், ஆனால் இவளுடைய ஆபீஸ் மென்பொருள் டீச்சரின் பெயரில் ஓடும், என் கணக்கு ஸ்டோரின் பெயரில், குவைத்துப் பேச்சு அக்காவின் பெயரில். பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், காலையில் ஆள் ஆளாகப் பெயர் சொல்லி, நீ அந்த மலைக்கு, நீ இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள் அல்லவா, அதைத்தான் லினக்ஸின் உள்ளே செய்து வைத்தேன். புறப்படுகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீ யாருடைய ஆள் என்று கேட்கும். டீச்சருடையது என்றால் அவள் கம்பனிப் பாதை. ஸ்டோருடையது என்றால் என் கம்பனிப் பாதை. அக்காவுடையது என்றால் நேரே பொது ரோடு. பாதை விழுந்துவிட்டால் அந்த ஆள் வீட்டிலேயே நிற்க வேண்டும். பொது ரோட்டில் இறங்கக் கூடாது. மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன, ஒன்று மற்றதைத் தொடவில்லை. லைனை வேண்டுமென்றே பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். கடிதங்கள் சொன்ன சொல் கேட்டு நின்றன. எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்தேன். திரையில் அக்காவுக்கென்று வைத்த சன்னலில் ஒரு தரம் நானே பேசிப் பார்த்தேன், சத்தம் கணீரென்று கேட்டது.

தனித்தனியாகச் சோதித்தேன் என்பதில்தான் இருந்தது விஷயம்.

வெள்ளி பின்னேரம் இவள் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர்கள் பார்ப்பது லைனைத்தான், உன்னை இல்லை என்றேன். உங்களுக்கு விளங்காது என்றாள். கொழும்பு அம்மணி தொலைபேசியில் தொடங்கலாம் என்றார். இவள் எழுதத் தொடங்கினாள். ஒருவருக்குக் குடை உடைந்து வந்திருந்தது, இன்னொருவருக்குக் குடையே வரவில்லை. நான் பக்கத்தில் நின்று போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வழியில் டீச்சருடையது மட்டும். இவ்வளவு சுத்தமான ஒரு வழியை அந்தக் கம்பனி அதுவரை பார்த்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

அக்கா வந்தார். முகம் கழுவி, பொட்டு வைத்து, மகள் அனுப்பிய சால்வையைப் போர்த்தியிருந்தார். இவள் எழுதுகிற கையை நிறுத்தாமலே தலையால் நாற்காலியைக் காட்டினாள். திரையின் ஓரத்தில் அக்காவின் சன்னலைத் திறந்தேன். குவைத் வந்தது. மகள் முகம் தெரிந்தது, மெலிந்திருந்தாள். வாய் அசைந்தது.

சத்தம் இல்லை.

அக்கா கொஞ்சம் உரத்துப் பேசினார், பிறகு இன்னும் உரத்து. மகள் அந்தப் பக்கம் காதைத் தொட்டுக் காட்டினாள். நான் மேசைக்கு அடியில் போய் வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்து லினக்ஸில் சத்தம் என்பது முதலில் கை வைத்தவருக்கே சொந்தம். இவளுடைய ஆபீஸ் மென்பொருளில் புதுக் கடிதம் வந்தால் அடிக்கிற ஒரு சின்ன மணி இருந்தது. அந்த மணிக்காக டீச்சர் காலையிலேயே சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தாள். மற்ற இரண்டு பேருக்கும் வாய் மட்டும்தான். டீச்சர் வெளியே போனால்தான் அக்காவுக்குச் சத்தம் கிடைக்கும். ஆனால் சோதனை நடுவில் வெளியே போனால் சோதனை அத்தோடு சரி.

ஒரு நிமிஷம் அக்கா, ஒரு நிமிஷம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று பேரையும் அவ்வளவு அருமையாகப் பிரித்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரைப் பங்கு வைக்க மறந்துபோனவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான்.

அக்கா எழுந்தார். “பரவாயில்ல தம்பி, மொகத்த பாத்துட்டேன்ல. அது போதும்” என்றார். போதாது என்பது அவர் சால்வையை இழுத்துப் போர்த்திய விதத்திலேயே தெரிந்தது. திரையில் மகள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

மனைவி குடைக்காரருக்கு எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். “இருங்கோ அக்கா” என்றாள். தன் சன்னலிலேயே, டீச்சரின் பெயரிலேயே, பேசும் மென்பொருளைத் திறந்தாள்.

“அது ஒன் ஆபீஸ் ரோடு” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

குவைத்தின் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூன்று வெள்ளி பேசாததற்கு என்ன காரணம், எசமானி ஏதும் செய்தாளா, உடம்புக்கு ஏதுமா என்று நான் பயந்தபடி காது கொடுத்திருந்தேன். அவர்கள் பேசியதோ, என்ன ஆக்கின, கத்தரிக்காய், இங்க மழையா, மழைதான், ஆடு குட்டி போட்டுச்சா, ரெண்டு போட்டுச்சு. மகள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். ஆட்டுக்குட்டியின் நிறத்தைப் பற்றியே நெடுநேரம். இரண்டு ஆட்டுக்குட்டிகளின் நிறம் கொழும்புக் கம்பனியின் மூடிய பாதையில் பத்திரமாகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து குடைக்காரருக்கு மிச்சத்தையும் எழுதி முடித்தாள். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

அக்கா போன பிறகு தொலைபேசி அடித்தது. கணினிக் கோளாறு என்று சொல், என் புருஷன் கிறுக்கன் என்று சொல், அது உண்மைதானே என்று நான் கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். இவள் அம்மணியிடம், கோளாறு ஒன்றுமில்லை, அந்தப் பேச்சை நான்தான் திறந்தேன், தெரிந்துதான் திறந்தேன் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, உங்கள் கடிதங்கள் மிகவும் நல்ல கடிதங்கள், முதலாம் தேதி உங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கி வைக்கிறேன் என்று அம்மணி சொல்லியிருக்கிறார்.

போகாதே என்றேன். கோபமாகச் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன், சீமைச் சப்பாத்துக்காக வீட்டைப் பிரிப்பதா என்று கேலியாகவும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துணி மடித்தாள்.

“அஞ்சு வருசம் ஆரோ நிரந்தரமாக்குவினம் எண்டு காத்திருந்தனான்” என்றாள். “இது என்ர வேலை. நான் போறன்.” பிறகு, அக்காவிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, பதவி உயர்வு என்று சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

ஹட்டனில் ரயில் ஏறினோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் அடையாள அட்டையைக் கேட்டார்கள். சிப்பாய் பிறந்த இடத்தை வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவள் என் சிங்களத்தைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொல்லி, அட்டையை வாங்கிப் பையில் வைத்தாள். பெட்டியை ஏன் இப்பிடிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், ஆக்கள் பாக்கினம் என்று வெளியே வந்ததும் என்னைக் கிண்டல் செய்தாள். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் அவளை விட்டுவிட்டு, பொலிஸ் பதிவுக்கும் அலைந்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

வீட்டில் வேறு வேலை இல்லாததால் சத்தத்தைச் சரிசெய்தேன். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வழி போட்டு, யார் எப்போது பேசினாலும் கேட்கும்படி செய்தேன். இரண்டு நாள்கூட ஆகவில்லை. செய்து முடித்துவிட்டு அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வெள்ளி பின்னேரம் அவள் வெள்ளவத்தையில் ஓர் இணையக் கடையிலிருந்து வந்தாள். அக்காவின் சன்னலில்தான் அவள் முகம் தெரிந்தது, எங்களுக்கும் இப்போது பொது ரோடுதான். கலகலவென்று கதைத்தாள். போர்டிங் அம்மா சம்பலில் சீனி போடுகிறாளாம், ஆபீசில் குளிரூட்டிக் குளிருக்கு எல்லோரும் நடுங்குகிறார்களாம், இவள் மட்டும் விசிறி கேட்கிறாளாம். சிரிப்புத் தாங்கவில்லை அவளுக்கு. நான் சத்தம் சரியான கதையைச் சொன்னேன். கெட்டிக்காரன் என்றாள். இவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அக்கா வாசலில் வந்து நின்றார். நீங்க பேசுங்க தம்பி, நான் அப்பறமா வாறேன் என்றார். வெள்ளவத்தையிலிருந்து ‘வாங்கோ, இருங்கோ’ என்று குரல் வந்தது. நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் பிளேன்டீ போடக் குசினிக்குப் போனேன்.

அக்கா குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். மலையில் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அது, எங்கே தாழப் போகிறது.

“மொத மாசம் அழுக வரும் டீச்சரம்மா. அழுதுருங்க, அடக்காதீங்க. தம்பி முன்னால மட்டும் வேணாம், அது தாங்காது. எம் மகளும் அப்பிடித்தான். ஏங்கிட்ட சிரிச்சி சிரிச்சிதான் பேசுவா. வச்சிட்டுத்தான் அழுவா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.”

அக்கா நாற்காலியை இன்னும் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வது கேட்டது. அப்புறம் என் மனைவி அழ ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லை, அடைப்பு இல்லை, மூக்கை உறிஞ்சுவது உட்படக் குசினிவரை தெளிவாகக் கேட்டது. கேத்தல் கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை உள்ளேயே நின்றேன்.